மீன்வாடி ஒழுங்கைக்கு எந்த எண்ணெய்

உப்புவெளியில் தொடங்கி
சாம்பல்தீவுப் பாலம் வரை
மாதம் ஆயிரத்து நாநூறு மீற்றர் பார்க்கிறேன்.
சைக்கிள் என்னுடையது.
செயினுக்கென்று சபை படி எதுவும் தருவதில்லை.

முதலில் தேங்காயெண்ணெய்.
குசினியில் இருந்தது, ஊற்றினேன்.
மூன்றாம் நாள் பிசினாகி
கடற்கரை மணலையெல்லாம்
பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது.

தையல் மெசின் எண்ணெய் நல்ல பிள்ளை.
காலையில் விட்டால் சத்தம் போடாது.
ஆனால் கச்சான் அடிக்கும் மாதத்தில்
அலஸ்தோட்டம் தாண்டுமுன்னே
சொல்லாமல் போய்விடும்.

கிறீஸ்: வெளியே மினுமினுப்பு,
ஊசிக்கும் உருளைக்கும் இடையில்,
தேய்கிற இடத்தில்,
ஒரு சொட்டும் போய்ச் சேரவில்லை.

ஓட்டோவில் வடித்த பழைய ஒயிலை
டிலக்சன் சும்மா தந்தான்.
சும்மா வந்தது
என் வெள்ளைச் சல்வாரின் கணுக்காலில்
இன்னும் இருக்கிறது.

குடாவுக்கு அப்பால், சீனன்குடாக் காட்டுக்குள்
வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள்
யானைகள் மாதிரி நிற்கின்றன.
எந்த நாட்டுக்கு எத்தனை என்று
பேப்பரில் அடிக்கடி வரும்.
எனக்கு வேண்டியது
நூற்றுப்பன்னிரண்டு சொட்டு.

மத்திய வீதிக் கடையில் நவ்பர்
போனிலிருந்து தலை தூக்காமல் கேட்டான்:
"வெயிலுக்கா, மழைக்கா?"
ஒரு எண்ணெய்க்கு இப்படியொரு கேள்வி இருப்பது
அன்றுதான் தெரியும்.
வாடைக்கு வேறாம், கெட்டியானது.
கச்சானுக்கு இது, மெழுகு கரைத்தது, பால் மாதிரி.
காய்ந்தால் மணல் ஒட்டாது.
ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய்.
இரண்டு தரம் கடையை விட்டு இறங்கி
இரண்டு தரம் ஏறினேன்.

மண்ணெண்ணெயில் கழுவினேன்.
கறள் கறுப்புத் தேநீராய் இறங்கியது.
வெயிலில் காயவைத்து
கண்ணிக்கு ஒரு சொட்டு,
மிதியைப் பின்னால் சுற்றிச் சுற்றி.
விடிய எழும்பித் துடைத்தேன்.
விட்டதில் பாதியைத் துணி கொண்டுபோனது.
நெஞ்சு பொறுக்கவில்லை.

பிறகு
சைக்கிள் இருப்பதே தெரியவில்லை.
நாய்கள் நான் கடந்த பிறகுதான் குரைத்தன.
கோட்டைப் பக்கமிருந்து வந்து
குப்பைத்தொட்டியில் மேய்ந்த மான்
தலையைத் திருப்பவேயில்லை.

அப்படியே மீன்வாடி ஒழுங்கைக்குள் வழுக்கினேன்.

கதிரைமேல் திலகேஸ்வரி.
கையில் கம்பு, கம்பின் நுனியில் கொக்கி,
கொக்கியிலிருந்து வயர்
வாசல் தாண்டி உள்ளே போய்
ஐஸ்பெட்டிக்குள் முடிந்தது.
பின்வீட்டிலும் ஒரு கொக்கி.
அதற்கும் பின்னால்
வேலிமேல் இன்னொன்று,
சட்டை காயப்போட்டு மறைத்தது.

ஆறு வருஷமாய்
இந்த ஒழுங்கை ஒழுங்காகத்தான் இருந்தது.
நான் சந்தி திரும்பும்போதே
செயின் கீச்சென்று அழும்.
நான் வந்து சேரும்போது
எல்லாரும் முற்றம் கூட்டிக்கொண்டு நிற்பார்கள்.
"வாங்கோ தங்கச்சி, தண்ணி குடிக்கிறீங்களோ?"

திலகேஸ்வரி இறங்கவில்லை.
என் முகத்தையும் பார்க்கவில்லை.
செயினைப் பார்த்தாள்.
"எண்ணெய் போட்டனீங்களோ?"

கொப்பியில் எழுதினேன்:
04417. மீற்றரில் இருந்த எண், பிழையில்லை.
அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு,
'வேறு குறிப்புகள்'.
பேனையை அதன்மேல் வைத்தேன்.
ஒரு புள்ளி விழுந்தது, அவ்வளவுதான்.

அடுத்த மாதம் அதே திகதி.
செயினைக் கறள் பிடிக்க விடலாம்,
மனம் வரவில்லை.
ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
ஒழுங்கை முடக்கில் இறங்கி நின்று
மணியை அடித்தேன்.

கட்டைவிரல்தான் நொந்தது.
மணி உள்ளே கறள்கட்டி
வாய் இறுகிக் கிடந்தது.

பையைத் துழாவினேன்.
அடியில், பழைய சீட்டுகளுக்குக் கீழே,
தையல் மெசின் எண்ணெய்.
மணியின் மூடியைக் கழற்றி
ஒரு சொட்டு விட்டேன்.
கொஞ்சம் யோசித்து
இன்னொரு சொட்டு.